ஒன்றின் பகாக் காரணிகள்

பம்பாய்ச் செம்பூரில் அந்த நாளில் நீர்த் திறப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது. ஏரியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவருவது வேறு இலாகா. குழாய் பதிப்பது வேறு இலாகா. வாரியத்துக்குத் திறப்பது மட்டும்தான் வேலை. திறந்ததை யார் மூடுவார்கள் என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு துணைப் பிரிவு இருந்தது. அந்தக் கட்டடம் இப்போது எங்கே என்று பஸ் ஏறித் தேடிப் போகவும் வேண்டாம். இந்தக் கதை முடிகிற வரைதான் அது நிற்கும்.

வாரியத்தில் நானூறு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரைத் திறப்பவர்கள் இருபத்திரண்டு பேர். பம்பாயில் அவர்களுக்குச் சாவிவாலா என்று பெயர். தெருவிலிருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, ஆள் உயரச் சாவியைக் குழிக்குள் இறக்கி, வால்வின் தலையில் மாட்டி, இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்பது வால்வுக்கு வால்வு வேறு. அது எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. திறக்கிறவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மரியசூசை அப்படித் தெரிந்தவர்களில் ஒருவர். சாத்தான்குளத்துப் பக்கம், மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு, வயது நாற்பத்து மூன்று. பதினோரு வருஷமாக டெம்பரரி. விடியுமுன் தாராவியில் கோலி என்கிற ஒற்றை அறை வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒன்பது வால்வு திறந்துவிட்டு வெயிலோடு திரும்புவார். ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிறவர் தன் வீட்டுக்கு ஒரு குடம் பிடித்ததில்லை. அவர் திறக்கிற நேரமும் குழாயடியில் வரிசை நிற்கிற நேரமும் ஒன்று. ஆகவே குடம் தூக்கியது அவர் மனைவி சேசம்மாள். பத்து வருஷம் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இனிமேல் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சேசம்மாள் அதைக் கேட்டு வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள். மறுநாள் குடத்தோடு வரிசையில் நின்றாள்.

பர்மனண்ட் ஆகிவிட்டால் செம்பூரில் குவார்ட்டர்ஸ் உண்டு. அடுக்களைக்குள்ளேயே குழாய். நின்ற இடத்தில் திருகினால் தண்ணீர். மரியசூசைக்கு வாரியத்திடம் வேண்டியிருந்தது அந்த ஒரு குழாய்தான். பர்மனண்ட் ஆக ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். வால்வைப் பற்றித்தானே கேட்பார்கள் என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

அந்தப் பரீட்சையைக் கொண்டுவந்தவர் மாதுங்காவில் குடியிருந்த துணை அதிகாரி மகாதேவன். நல்ல மனிதர், யாரையும் அதட்டமாட்டார். வால்வுக்கு வாஷர் போடும் புது முறையைக் கற்றுவர வாரியம் அவரை 1965இல் ஆறு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. அங்கே நல்ல குளிர். வாஷர் வகுப்பு நடந்த கொட்டகையில் கணப்பு கிடையாது. பக்கத்துக் கட்டடத்தில் பள்ளிக்கூட வாத்தியார்களுக்குப் புதுக் கணிதம் சொல்லிக்கொடுத்தார்கள், அங்கே கணப்பு இருந்தது. மகாதேவன் ஆறு வாரமும் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, வாஷரைப் பற்றி ஒன்றும் தெரியாமலும் கணிதத்தில் பெரும் பிரியத்தோடும் பம்பாய்க்குத் திரும்பினார்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற நான்கோடு கணக்கு முடிந்துவிடவில்லை, வேண்டிய செயலை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஒரு குறி போட்டு, இதற்கு இதுதான் அர்த்தம் என்று அறிவித்துவிட்டால் போதுமாம். அறிவித்துவிட்டால் போதும் என்ற இடம் மகாதேவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அது கணக்கா, அலுவலகமா என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அவர் உண்டாக்கியது நட்சத்திரச் செயல். இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு நட்சத்திரம் இருந்தால், இரண்டையும் பகா எண்களாக உடைத்து, வந்த காரணிகளை எல்லாம் கூட்ட வேண்டும். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாமல் நிற்கிற இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு போன்றவைதான் பகா எண்கள். சாவிவாலாக்களைக் கூட்டிவைத்து மகாதேவன் பேசினார்.

"கூட்டல் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதைச் செய்யறதுல என்ன இருக்கு? இந்த நட்சத்திரத்துக்குச் சொந்தமா அர்த்தமே கிடையாது. நாங்க சொல்றதுதான் அதுக்கு அர்த்தம். நாளைக்கு வேற சொன்னா, நாளைக்கு வேற. ஏன்னு கேக்காம எவன் அதைச் செய்யறானோ, அவனைத்தான் வாரியம் தேடிண்டிருக்கு."

எல்லாரும் கை தட்டினார்கள். மரியசூசையும் தட்டினார். பகாக் காரணி எட்டாம் வகுப்பில் படித்ததுதான் என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். பக்கத்தில் நின்ற அப்துல் வாஹித் கை தட்டாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். கடையநல்லூர்க்காரன், மரியசூசைக்கு அடுத்த பகுதியைத் திறக்கிற சாவிவாலா, கணக்கு என்றாலே ஒதுங்கிப் போகிறவன்.

முதல் பரீட்சை 1966இல் நடந்தது. பன்னிரண்டு நட்சத்திரம் பத்து என்ன என்று ஒரே ஒரு கேள்வி. மரியசூசை நிதானமாக எழுதினார். பன்னிரண்டில் இரண்டு, இரண்டு, மூன்று. பத்தில் இரண்டு, ஐந்து. ஆகப் பதினான்கு. மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, பேனாவை மூடி, மனதுக்குள் செம்பூர்க் குழாயைத் திருகியும் பார்த்துவிட்டார்.

பதினான்கு தவறு என்று வந்தது. ஒரே காரணி எத்தனை தடவை வந்தாலும் ஒரு தடவைதான் கூட்ட வேண்டும் என்று பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு சுற்றறிக்கை போட்டிருந்தார்களாம். ஆக இரண்டு, மூன்று, ஐந்து, விடை பத்து. சுற்றறிக்கையைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பலகை அலுவலகத்துக்குள் இருந்தது. டெம்பரரி ஆட்கள் அலுவலகத்துக்குள் நுழையக் கூடாது என்ற அறிவிப்பும் அதே பலகையில்தான் இருந்தது, அதுவும் உள்ளே போனால்தான் தெரியும்.

சேசம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரையே திருப்பிக் கேட்டாள்.

"இஞ்சேருங்க, ரெண்டு ரெண்டு இருந்தா ரெண்டையும்லா கூட்டணும்? வீட்டுல ரெண்டு கொடம் கெடக்கு. ஒண்ணுன்னா சொல்லுவாக?"

"வாரியத்துல அப்படித்தாம்ட்டி சொல்லுதாக."

"அப்பம் அவுக வந்து தூக்கட்டும். ஒரு கொடந்தானே" என்றாள் சேசம்மாள்.

இரண்டாவது பரீட்சை மறு வருஷம் மாதுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில். பத்து மணிக்கு அங்கே முகூர்த்தம் இருந்தபடியால் பரீட்சையை அதிகாலை ஐந்தரைக்கு வைத்தார்கள். ஐந்தரைக்கு இருபத்திரண்டு சாவிவாலாக்களும் மண்டபத்தில் இருந்தால் வால்வை யார் திறப்பார்கள் என்று நாற்காலியில் இருந்த நானூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வீட்டில் குழாயைத் திருகியபோதுதான் சிலருக்குத் தோன்றியது.

பரீட்சையைத் தொடங்கிவைக்க வாரியத்தின் பெரிய அதிகாரியே வந்தார். ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்த மனிதர். குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றி, அதைப் பார்த்தே இங்கிலீஷில் பேசினார். எல்லாம் ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்றார். இந்தத் திரி ஒன்று, நம் வாரியம் ஒன்று, பகா எண்களிலும் முதலாவது எண் ஒன்று என்றார். மகாதேவனின் முகம் லேசாகச் சுருங்கியது, பிறகு மலர்ந்தது. கை தட்டலைத் தொடங்கிவைத்ததும் அவர்தான்.

ஏழு மணிக்கு மண்டப வாசலில் சத்தம் கேட்டது. தாராவியிலிருந்து நாற்பது பெண்கள் காலிக் குடங்களோடு நடந்தே வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கல்யாணச் சமையற்காரர் நின்றார். சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்கவே தண்ணீர் இல்லையாம். கூட்டத்தில் சேசம்மாளும் நின்றாள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. மகாதேவன் வெளியே வந்து பொறுமையாக அவர்களுக்கு நட்சத்திரச் செயலை விளக்கினார். அவர்கள் கலையவில்லை.

"தண்ணி இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வரும். பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவைதான்" என்றார் மகாதேவன். "தகுதியே இல்லாத ஆள் திறந்த தண்ணியைத்தான் இத்தனை வருஷமும் குடிச்சிண்டிருந்தேள். நாங்க ஒரு வார்த்தை சொல்லியிருப்போமா? இப்போ தகுதியுள்ளவனைத் தேடறோம். அதனால வர்ற தாகத்தை நீங்க கௌரவமா நினைக்கணும்."

கல்யாணத்தில் அன்றைக்கு இளநீரில் காப்பி போட்டார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கேள்வி முப்பது நட்சத்திரம் ஏழு. இந்தத் தடவை மரியசூசை சுற்றறிக்கை எதையும் விடவில்லை. பியூனிடம் கேட்டுப் பலகையில் இருந்த அத்தனையையும் மனப்பாடம் செய்திருந்தார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, ஆகப் பதினேழு. விடை பதினெட்டு என்று வந்தது. இருபத்திரண்டு பேரும் தோற்றார்கள்.

மரியசூசை செம்பூருக்கு நடையாய் நடந்து, ஐந்தாவது தடவைதான் மகாதேவனைப் பார்த்தார். ஒன்று பகா எண் இல்லை என்று எட்டாம் வகுப்பிலேயே படித்ததாகப் பணிவாகச் சொன்னார். மகாதேவன் அவரை உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லாததால் மரியசூசை நின்றுகொண்டே இருந்தார்.

"நீ சொல்றது சரி" என்றார் மகாதேவன். "எனக்கும் தெரியும், நான் கணப்புப் பக்கத்துல உக்காந்து படிச்சவன். ஆனா பெரியவர் விளக்கு ஏத்திண்டு சொல்லிட்டார். இப்போ நான் ஒண்ணைத் தள்ளினா அது ஒண்ணைத் தள்ளினதா ஆகாது, அவரைத் தள்ளினதா ஆகும். ஒண்ணுக்குப் பென்ஷன் இல்லை. எனக்கு இருக்கு."

மறு வாரம் உத்தரவு வந்தது. வாரியத்தின் எல்லைக்குள் ஒன்று என்பது பகா எண்ணாகக் கருதப்படும். எல்லைக்கு வெளியே அது எப்படி இருந்தாலும் வாரியம் பொறுப்பல்ல.

இத்தோடு விட்டிருந்தால் இருபத்திரண்டு பேரும் அடுத்த வருஷம் ஒன்றைச் சேர்த்துக் கூட்டிப் பிழைத்திருப்பார்கள். ஆனால் ஒரு குமாஸ்தாவுக்குச் சந்தேகம் வந்தது. பன்னிரண்டை ஒன்று பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் மூன்று என்று எழுதலாம். அதையே முன்னால் இரண்டு ஒன்று போட்டும் எழுதலாம், இருபது போட்டும் எழுதலாம், பெருக்கினால் பன்னிரண்டுதான். அப்படியானால் எத்தனை ஒன்றைக் கூட்டுவது? ஒரே காரணியை ஒரு தடவைதான் கூட்ட வேண்டும் என்ற பழைய விதி ஒன்றுக்கும் பொருந்தும் என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் செய்தால் பெரிய அதிகாரி குறிப்பிட்ட எண்ணை மற்ற எண்களோடு சமமாக வைத்ததாகிவிடும். ஆகவே ஐந்து பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். அது நாலு மாதம் கூடி, ஒரு முறை பூனாவுக்கும் போய்வந்து, அறிக்கை கொடுத்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று ஒன்று அனுமதிக்கப்படும். நூறுக்கு மேற்பட்ட எண்களுக்கு, அந்தஸ்தைக் கருதி, நான்கு.

மரியசூசைக்கு அலுத்துவிட்டது. ஆத்திரம் போன வருஷமே தீர்ந்துபோயிருந்தது, இது வேறு. காலையில் சாவியைச் சுற்றும்போது கை தானாகச் சுற்றும், மனது எண்களை உடைத்துக்கொண்டிருக்கும். எதிரே வந்த பஸ்ஸின் எண்ணை உடைப்பார், கோலிக் கதவின் எண்ணை உடைப்பார், முன்னால் மூன்று ஒன்று போடுவார். சேசம்மாள் ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் முனகுவாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நூற்றுப் பத்தை உடைப்பார். இது என்ன பிழைப்பு என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. விடவும் முடியவில்லை, மூன்றாவது பரீட்சைதான் கடைசி. அதிலும் தோற்றவர்கள் ஆயுளுக்கும் டெம்பரரியாகவே இருப்பார்கள் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

1968 மார்ச்சில் கேள்வி வந்தது. நாற்பத்தைந்து நட்சத்திரம் நூற்றுப் பத்து. மரியசூசை காகிதத்தைப் பார்த்ததும் எழுத ஆரம்பித்தார். நாற்பத்தைந்தில் மூன்று, ஐந்து. நூற்றுப் பத்தில் இரண்டு, ஐந்து, பதினொன்று. ஐந்தை ஒரு தடவைதான் கூட்ட வேண்டும், ஆக இருபத்தொன்று. நாற்பத்தைந்துக்கு மூன்று ஒன்று, நூறைத் தாண்டியதற்கு நான்கு ஒன்று, ஆக ஏழு. மொத்தம் இருபத்தெட்டு. சரி என்று பட்டதை எழுதுவதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். கேட்டதை எழுதினார்.

இருபத்தெட்டு சரியான விடை. அதை எழுதியவர் மரியசூசை ஒருவர்தான். அப்துல் வாஹித் நூற்றுப் பத்துக்கும் மூன்று ஒன்றே போட்டு இருபத்தேழு என்று எழுதி ஒன்றில் தவறினான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு விடை எழுதியிருந்தார்கள். பலகையில் தன் பெயர் மட்டும் ஒட்டியிருப்பதைப் பியூன் வந்து சொன்னபோது மரியசூசை நடுத்தெருவில் சாவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சொன்னார். சேசம்மாள் அடுக்குப்பானைகளை இறக்கி, எதைக் கொண்டுபோவது, எதைக் கொடுத்துவிடுவது என்று பிரித்து வைத்தாள். குடங்களைக் கொடுத்துவிடும் பக்கத்தில் வைத்தாள்.

ஏப்ரல் மூன்றாம் தேதி மகாதேவன் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை நாற்காலி இருந்தது. மகாதேவன் எழுந்து கை கொடுத்தார். விடைத்தாளைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னார். பிறகு, ஆள் எடுப்பதில் சிபாரிசு நுழைந்துவிடக் கூடாது என்று ஒரு விதி செய்திருப்பதாகவும் சொன்னார். எத்தனை பேர் தேறினார்களோ அந்த எண்ணுக்கு எத்தனை பகாக் காரணியோ, அத்தனை நிரந்தர இடம்.

மரியசூசை இரண்டு வருஷப் பழக்கத்தில் மனதுக்குள் உடனே கணக்குப் போட்டார். தேறியது ஒருவர். ஒன்று பகா எண். ஒன்றுக்கு மூன்று ஒன்று அனுமதி. ஆக மூன்று இடம். தனக்கு ஒன்று போக வாஹிதுக்கும் ஒன்று கேட்டுப் பார்க்கலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"அங்கதான் ஒரு சின்ன சிக்கல்" என்றார் மகாதேவன். "மார்ச் முப்பத்தொண்ணோட பெரியவர் ரிட்டயர் ஆயிட்டார். புதுசா வந்திருக்கறவர் கணக்கிலயே எம்.ஏ. முதல் நாளே அந்த உத்தரவை ரத்து பண்ணிட்டார். ஏப்ரல் ஒண்ணுலேந்து ஒண்ணு பகா எண் இல்லை. உன் பரீட்சை மார்ச்ல நடந்தது, அது செல்லும். போஸ்டு ஏப்ரல்ல போடறது. ஒண்ணுக்குப் பகாக் காரணியே கிடையாது. அதனால இடமும் கிடையாது. நீ அன்னிக்கு என்கிட்ட வந்து சொன்னதும் இதைத்தானே? நீதான் ஜெயிச்சிருக்கே."

மரியசூசை நாற்காலியிலிருந்து எழுந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. பழைய டெம்பரரி வேலையாவது இருக்கிறதா என்று கேட்டார். மகாதேவன் உண்மையாகவே வருத்தப்பட்டார். தேறாதவர்கள் பெயரைத்தான் டெம்பரரிப் பட்டியலில் வைக்க முடியும் என்றார். தேறியவரை அதில் வைத்தால் பரீட்சைக்கு அவமானம்.

"அப்பம் நான் யாருங்க ஐயா?" என்றார் மரியசூசை.

"ஒண்ணுங்கறது பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை" என்றார் மகாதேவன். "தனி. அதுக்குக் கணிதத்துல ரொம்ப மரியாதை உண்டு."

மரியசூசை அங்கேயே ஒரு காகிதம் வாங்கி மனு எழுதினார். தன்னைத் தயவுசெய்து தோற்றவனாக அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். மகாதேவன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தேறியதை ரத்து செய்ய விதியில் இடமில்லை என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். சாவியைக் கொட்டகையில் ஒப்படைத்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். போகும்போது வாசல்வரை கூட வந்தார்.

சாயங்காலம் அப்துல் வாஹித் கோலிக்கு வந்தான். அவன் இப்போது ஆயுளுக்கும் டெம்பரரி. யாராலும் அவனை அசைக்க முடியாது. மரியசூசையின் ஒன்பது வால்வையும் அவனிடமே கொடுத்திருந்தார்கள். வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒங்க வால்வெல்லாம் எத்தன சுத்துன்னு எனக்குத் தெரியாதே" என்றான்.

மரியசூசை ஒவ்வொன்றாகச் சொன்னார். சயான் நாற்சந்தியில் பதினொன்று, பள்ளிவாசல் முனையில் பத்தொன்பது, மற்றதெல்லாம் இன்னது இன்னது என்று ஒன்பதையும் சொன்னார். வாஹித் விரல் விட்டு எண்ணிக்கொண்டு போனான். பாதி வழியிலேயே அவன் எல்லாவற்றையும் குழப்பிக்கொள்வான் என்று மரியசூசைக்குத் தெரியும்.

மறுநாள் சேசம்மாள் வழக்கம்போல எழுந்து, கொடுத்துவிடுவதற்காக எடுத்து வைத்திருந்த குடத்தை இடுப்பில் வைக்கப் போனாள். மரியசூசை அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். பதினான்கு பெண்களுக்குப் பின்னால் நின்றார். அந்த நேரத்தில் அவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமான நேரம் தாண்டி வெகுநேரமாகியும் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, சாவிக்காரரு நீங்களே இங்கன நிக்கிய. தண்ணி எப்பம் வரும்?" என்று முன்னால் நின்ற பெண் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றார் மரியசூசை.